கறைக்கு முன்னே ஒரு துணி

புதிதாக ஹோம்ஸ்டே தொடங்கியவர்கள் டீ குடித்தபடி என்னிடம் கேட்கும் கேள்விகளில் துண்டும் விரிப்பும் தவறாமல் வந்துவிடும். வெள்ளைத் துண்டில் கண்மை, தலையணை உறையில் எண்ணெய், விரிப்பில் மஞ்சள். "வந்தவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது? சொன்னா முகம் வாடிடும், சொல்லாட்டி துணி போயிடும்" என்பார்கள். நியாயமான கேள்வி. கொடைக்கானலை வைத்தே பதில் சொல்கிறேன். நான் அறிந்த வீடுகள் அங்கேதான் இருக்கின்றன; அந்த ஊர்க் குளிருக்கும் இந்தக் கறைகளுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். துண்டைப் பாழாக்க வேண்டும் என்று யாரும் மலையேறி வருவதில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் முகத்தில் உள்ள மேக்கப்பைத் துடைக்க வேண்டும். குளியலறையில் கைக்கு எட்டுவது ஒரே ஒரு வெள்ளைத் துண்டு. மழையில் நனைந்து வந்தவர் ஷூவில் ஒட்டிய சேற்றை வழிக்க வேண்டும். கண்ணில் படுவது அதே துண்டு. குழந்தை தரையில் பாலைக் கொட்டிவிட்டது. தாய் அவசரத்தில் எடுப்பதும் அதைத்தான். அந்த நொடியில் அவர்களுக்கு வேறு துணி கிடைக்கவில்லை. கறை படியும் காரணம் இவ்வளவுதான். ஆகவே, எந்த இடத்தில் எந்தத் தேவை வரும் என்று யோசித்து, அதற்கான துணியை அங்கே முன்கூட்டியே வைத்துவிட்டால் பாதிக்கு மேல் தொல்லை தீரும். அறிவிப்பு, அபராதம், கண்டிப்பு எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள். நம்மில் பலருக்கு அதில் பாதிகூட இருக்காது. பெரிய ஹோட்டலுக்குத் தனிச் சலவைக்கூடம் உண்டு. கொதிநீரும் ரசாயனமும் கணக்கில்லாமல் ஓடும். நமக்கு ஒரு வாஷிங் மெஷின், ஒரு கொடி, அவ்வப்போது எட்டிப் பார்க்கும் வெயில். துவைத்து மீட்பதைவிடப் படாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கைக்கு அடங்கிய வேலை.

கறைகளின் குணம்

எதைத் தடுக்க வேண்டும் என்று தெரிய, ஒவ்வொரு கறையும் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பருத்தி ஈரத்தை விரும்பி இழுக்கும் நூல். தேங்காய்ப்பூத் துண்டில் அந்த நூலைச் சுருள் சுருளாக நிற்கவைத்து நெய்திருப்பார்கள். உடம்பு ஈரத்தை வேகமாக உறிஞ்ச அது உதவுகிறது. ஈரத்தோடு வரும் சாயத்தையும் எண்ணெயையும் அதே வேகத்தில் உள்ளே இழுத்தும் கொள்கிறது. தட்டையாக நெய்த ஈரிழைத் துண்டில் இரண்டு அலசலில் போகிற அழுக்கு, தேங்காய்ப்பூத் துண்டில் சுருளின் அடி வரை இறங்கி உட்கார்ந்துவிடும்.

தேங்காயெண்ணெயை எடுத்துக்கொள்வோம். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வருடம் முழுக்கக் குழாய்த் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். தலையணை உறையில் இறங்கிய எண்ணெயைக் குளிர்ந்த நீரில் துவைத்தால் அது கரைந்து வெளியேறாமல் நூலுக்குள்ளேயே கட்டியாகத் தங்குகிறது. பார்வைக்கு வெளுத்த உறைதான். மடித்து அடுக்கிய இரண்டாம் நாள் மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் இந்தக் குளிரில் கட்டியாகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து மஞ்சளித்து, சிக்குப் பிடித்த வாடை அடிக்கும். பாலியெஸ்டர் கலந்த உறைக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அந்த இழைக்கு எண்ணெய் மேல் ஒட்டுதல் உண்டு, எளிதில் விடாது.

சாக்லேட்டைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் வந்தவர்கள் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் வாங்காமல் இறங்குவதில்லை. அதிலுள்ள கோகோ வெண்ணெய் நம் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, 34 டிகிரி வாக்கில் உருகும். ஊர்க் குளிரில் மேசைமேல் கல் மாதிரி கிடக்கும் துண்டு, இரவில் கம்பளிக்குள் நழுவிப்போனால் உடம்புச் சூட்டில் உருகி விரிப்பில் பரவிவிடும். காலையில் அந்தப் பழுப்புக் கறையைப் பார்த்து வேறு எதையோ நினைத்து விருந்தினர் மேல் மனம் கசந்தவர்களை நான் அறிவேன். பாவம், குழந்தை படுத்துக்கொண்டே சாப்பிட்ட சாக்லேட் அது.

மஞ்சளின் வேலை வேறு. மஞ்சள் பட்ட தலையணை உறையைத் தண்ணீரில் நனைத்துச் சலவை சோப்பை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மஞ்சளாக இருந்த இடம் கண்ணெதிரே செங்கல் நிறத்துக்கு மாறும். புதிதாக வேலைக்கு வந்தவர் இதைக் கண்டு மிரண்டு ப்ளீச்சைத் தேடி ஓடுவார். மிரள வேண்டியதே இல்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு போக அலசினால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் பழைய முறைக்கு அடியில் இருப்பதும் இதே மாற்றம்தான். குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஆனால் வெயில் தாங்காது. ஈரத்தோடு நேர் வெயிலில் உலர்த்தினால் ஒளி பட்டு நிறம் சிதைந்து மங்கிவிடும்.

கண்மையில் வெயிலின் ஜம்பம் பலிக்காது. அதன் கருமை பெரும்பாலும் கரித்துகள் அல்லது இரும்பு ஆக்சைடு. எண்ணெயிலும் மெழுகிலும் குழைத்தது. சாயமாக இருந்தால் ப்ளீச் அதை உடைத்து வெளுக்கும். கரித்துகளில் உடைப்பதற்கு எதுவும் இல்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெயையும் மெழுகையும் கரைத்தால்தான் துகள் நூலை விட்டு நகரும். தண்ணீரில் அழியாது என்று விற்கப்படும் மை என்றால் வெறும் சோப்பு அதை இன்னும் அகலப்படுத்தத்தான் உதவும்.

பருக்களுக்குப் பூசும் சில களிம்புகள் நேர்மாறானவை. பென்சாயில் பெராக்சைடு கலந்த களிம்பு நிறத்தைச் சேர்ப்பதில்லை, இருக்கும் நிறத்தை உறிந்துவிடும். நீலத் துண்டில் முகம் துடைத்தால் சில நாளில் அங்கே வெளிறிய ஆரஞ்சுத் திட்டு தெரியும். அது கறையே இல்லை, சாயம் போன இடம். எப்படித் துவைத்தாலும் திரும்பி வராது.

வாசலிலிருந்து படுக்கை வரை

இனி வீட்டுக்குள் ஒரு சுற்று வருவோம். விருந்தினர் நடக்கும் பாதையிலேயே நீங்களும் நடந்து பார்க்க வேண்டும்.

வாசலில் கால்மிதி ஒன்று போதாது. மழை மாதங்களில் ஷூ துடைக்க ஒரு பழைய கெட்டித் துணியைக் கம்பியில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு முக்காலி. உட்கார்ந்து ஷூவைக் கழற்ற இடம் இருந்தால் சேறு அறைக்குள் வராது.

குளியலறைக்கு வருவோம். முகம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைத் துண்டைவிட அருகில், கண்ணுக்கு நேரான உயரத்தில் இரண்டு சிறிய கறுப்புத் துண்டுகள் இருக்க வேண்டும். அருகில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் பார்த்த ஒரு வீட்டில் கறுப்புத் துண்டுகளை அழகாக மடித்து அலமாரியில் வைத்திருந்தார்கள், ஒருவரும் தொடவில்லை. அதையே எடுத்துத் தொட்டியை ஒட்டி ஒரு கொக்கியில் மாட்டி, "மேக்கப் துடைக்க" என்று வெள்ளை நூலால் தைத்த பிறகு அவை தினமும் நனைந்து கிடந்தன. முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுபவருக்கு எது முதலில் தட்டுப்படுகிறதோ அதுதான் துண்டு. கூடவே மேக்கப் துடைக்கும் ஈரக் காகிதம் ஒரு பொட்டலம் வைத்தால் இன்னும் நல்லது.

எண்ணெய்க் குளியலுக்குத் தனித் துண்டு வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் பயணத்திலும் விடாதவர்கள் நம்மிடையே ஏராளம். தீபாவளி விடுமுறைக்கு வந்தால் சொல்லவே வேண்டாம். அதைத் தடுக்க நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. மெரூன் அல்லது கரும்பச்சை நிறத்தில் மெல்லிய ஈரிழைத் துண்டாக வாங்கி வைத்தால் போதும். இவை சுருளில்லாத தட்டை நெசவு; எண்ணெயை ஆழமாக வாங்காது, வெந்நீரில் சீக்கிரம் விட்டுவிடும், மலைக் குளிரிலும் விரைவில் காயும். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரிடம், "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதா இருந்தா இதை எடுத்துக்கங்கம்மா" என்று கொடுத்தபோது அவர் சொன்ன பதில் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது: "நல்லதாப் போச்சுப்பா. அந்த வெள்ளைத் துண்டைத் தொடக் கை வரல, என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்." நாம் தவிப்பதைப் போலவே அவர்களும் தவிக்கிறார்கள். சரியான துணி இருவர் தவிப்பையும் தீர்க்கிறது.

தலைக்கு டை அடிப்பதற்கும் இதே துண்டு உதவும். டையில் உள்ள பொருள்கள் காற்றோடும் பெராக்சைடோடும் சேர்ந்து, இழைக்குள் புகுந்த பிறகுதான் நிறமாக மாறுகின்றன. முடியில் நிலைக்கச் செய்யும் அதே வேலை துண்டிலும் நடக்கும். காய்ந்துவிட்டால் மீட்பது அநேகமாக முடியாது.

மாதவிடாய் நாள்களை எண்ணிப் பாருங்கள். மூடியுள்ள குப்பைக்கூடை, சுற்றிப் போடக் காகித உறைகள், அலமாரியில் அடர்நிறத் துண்டு ஒன்று, மாற்று விரிப்பு ஒன்று. இவற்றை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட வேண்டும். வேற்று வீட்டில், முன்பின் தெரியாதவரிடம் இதைக் கேட்க எந்தப் பெண்ணுக்கும் கூச்சம் இருக்கும். கேட்க வேண்டிய நிலையை உண்டாக்காமல் இருப்பது விருந்தோம்பலின் அடிப்படை மரியாதை.

சமையலறை இருந்தால் கரித்துணி கட்டாயம். சூடான பாத்திரத்தைப் பிடிக்கத் துணி இல்லாத வீட்டில் குளியல் துண்டுதான் அடுப்படிக்கு வரும். குழம்பும் கரியும் அதில் ஏறும். மேடை துடைக்க ஒன்று, கை துடைக்க ஒன்று, பாத்திரம் பிடிக்க ஒன்று, தரைக்கு ஒரு மாப். நான்கும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

இரவு நெருப்பு மூட்டிக் குளிர்காய்வதும் அதில் கோழி சுடுவதும் மலை வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மசாலாவும் கரியும் படிந்த கையோடு அறைக்குள் போனால் முதல் தண்டனை துண்டுக்கு. நெருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வாளி வெந்நீர், சோப்பு, அடர்நிறத் துணி. கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இனி படுக்கை. அறையில் சாப்பிட ஒரு சின்ன மேசையும் இரண்டு நாற்காலியும் இல்லாவிட்டால் சாப்பாடு படுக்கைக்குத்தான் போகும். "படுக்கையில் சாப்பிடாதீர்கள்" என்று எழுதி ஒட்டுவதைவிட ஒரு மடக்கு மேசை நன்றாக வேலை செய்யும். கட்டிலின் இருபுறமும் டீ டம்ளர் வைக்கச் சிறிய பலகை இருக்கட்டும். கால்மாட்டில் அடர்நிறத்தில் அகலமான துணி ஒன்றைக் குறுக்கே விரியுங்கள். பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பவர்கள் அதன்மேல் வைப்பார்கள். பெட்டிச் சக்கரம் எந்தெந்தத் தெருவில் உருண்டது என்று நமக்குத் தெரியாது.

விரிப்புக்கு அடியில் நீர் இறங்காத மெத்தை உறையும், தலையணைக்கு உள்ளுறை ஒன்றும் போட்டுவிடுங்கள். விரிப்பு போனால் விரிப்போடு போகும். மெத்தையில் இறங்கியதை எடுக்க வழியில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ரப்பர் ஷீட்டை நாமே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு வகை விருந்தினரை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். பழனி கொடைக்கானலிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். முருகனுக்கு முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியபடியே மலையேறி வருபவர்கள் உண்டு. அவர்கள் முன்பதிவு செய்யும்போதே தெரிந்துவிட்டால், அன்று தலையணைக்கு மேல் அடர்நிற உறை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிடலாம். புதிதாகத் திருமணமானவர்கள் இன்னொரு வகை. கையில் மருதாணி இருக்கும். அதைவிடப் பெரிய கறை நம்மால்தான் வருகிறது. வரவேற்பு என்று வெள்ளை விரிப்பின்மேல் ரோஜா இதழ்களைத் தூவுகிறோம். நசுங்கிய சிவப்பு இதழின் சாறு ஒரு சாயம். சோப்பின் காரம் பட்டால் அது நீலம் பாய்ந்த திட்டாக மாறும். பூவைத் தாம்பாளத்தில் நீரில் மிதக்கவிடுங்கள், அல்லது கால்மாட்டுத் துணியின்மேல் தூவுங்கள். வாசமும் அழகும் குறையாது.

எந்தத் துணி வாங்குவது

அப்படியானால் எல்லாவற்றையும் அடர்நிறத்திலேயே வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 1999-இல் அமெரிக்காவின் வெஸ்டின் ஹோட்டல்கள் முழுக்க வெள்ளையான படுக்கையை அறிமுகப்படுத்தின. அதற்குப் பின் பல விடுதிகள் அந்த வழியில் போயின. காரணம் அழகு மட்டும் இல்லை. வெள்ளையில் அழுக்கு மறைய முடியாது. அதனால் படுக்கப் போகிறவருக்கு நம்பிக்கை வருகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெந்நீரில் துவைக்கலாம், வெளுக்கலாம், சாயம் இறங்குமோ என்ற கவலை இல்லை. ஒன்று போனால் அதே நிறத்தில் இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். பருக் களிம்பு வெள்ளையை ஒன்றும் செய்யாது.

ஆகவே உடம்பு துவட்டவும் படுக்கவும் வெள்ளை. அழுக்கு வேலைகளுக்கு அடர்நிறம். இந்தப் பங்கீடு விருந்தினருக்கும் சொல்லாமலே புரியும். துண்டு 400 முதல் 500 ஜிஎஸ்எம் கனத்தில் இருந்தால் நம் ஊருக்குச் சரி. அதைவிடக் கனமானது கையில் எடுக்க ஆடம்பரமாக இருக்கும், மழை மாதத்தில் காய மறுக்கும், பூஞ்சைப் புள்ளி வரும். விரிப்பும் உறையும் முழுப் பருத்தியாக இருக்கட்டும். படுக்கைக்கு மூன்று செட் என்பது ஹோட்டல் கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மலையில் நான்காவதும் வேண்டும். வெயில் இல்லாத வாரத்தில் ஈரம் காய்வதற்குள் அடுத்த விருந்தினர் வந்துவிடுவார். அந்த அவசரம்தான் கறையைச் சரியாகப் பார்க்காமல் இஸ்திரி போட வைக்கிறது. இஸ்திரிச் சூடு பட்ட கறை நிரந்தரமாகிவிடும்.

எப்படிச் சொல்வது

சுவர் முழுக்க "கூடாது" என்று எழுதிய வீட்டில் நானும் தங்கியிருக்கிறேன். ஐந்தாவது அறிவிப்பைப் படிக்கும்போது, வந்திருக்கக் கூடாதோ என்று தோன்றிவிடும். நாலு வார்த்தை வாயால் சொல்வதே போதும், அதுவும் அறையைக் காட்டும்போது, வெந்நீர்க் குழாய் எது என்று காட்டுகிற அதே குரலில்: "கறுப்புத் துண்டு மேக்கப் துடைக்க, மெரூன் துண்டு எண்ணெய்க் குளியலுக்கு. ஏதாவது சிந்திட்டா சங்கடப்படாம உடனே சொல்லுங்க, ஈரமா இருக்கும்போதே எடுத்துடலாம்."

இந்தக் கடைசி வாக்கியம் விலைமதிப்பற்றது. கறை பட்டதும் மனிதர்கள் செய்யும் முதல் காரியம் மறைப்பது. துண்டைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள், விரிப்பைத் திருப்பிப் போடுவார்கள். இரண்டு நாளில் காய்ந்து இறுகிவிடும். திட்டு விழாது என்று தெரிந்தால் கொண்டுவந்து கொடுப்பார்கள். சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காகக் குளியலறையில் ஒரு கூடை வைத்து "கறைபட்ட துணி" என்று எழுதிவிடுங்கள். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறவர்கள் நிறைய என்பதால் எழுத்தோடு ஒரு சின்னப் படமும் இருக்கட்டும். கண் படம் போட்ட துண்டு மேக்கப்புக்கு, ஷூ படம் போட்ட துணி வாசலுக்கு. எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

பணம் கேட்பது பற்றியும் கேட்பீர்கள். சாதாரணமாகத் தேய்வதும் மங்குவதும் தொழில் செலவு. அதை வாடகைக்குள் கணக்கிட்டுவிட வேண்டும். டீக் கறைக்காக ஒருவரிடம் பணம் கேட்டு வாங்கினால் அவர் மறுபடி வரமாட்டார், நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். வேண்டுமென்றே நாசம் செய்தது தெளிவாகத் தெரிந்தால் படம் எடுத்து வைத்து, அடுத்த விருந்தினர் வருவதற்கு முன்பே, மாற்று வாங்கும் விலையை மட்டும் கேளுங்கள். இதை முன்பதிவின்போதே எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொன்னால் வம்பு.

மீறிப் பட்டுவிட்டால்

அப்படியும் சில படும். சுருக்கமாக வரிசையைச் சொல்கிறேன்.

ரத்தம், பால், முட்டை: பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் அவற்றிலுள்ள புரதம் முட்டை வெந்தது போல இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய், கண்மை, சாக்லேட்: தண்ணீர் படுமுன் பாத்திரம் கழுவும் திரவத்தைக் காய்ந்த துணியிலேயே தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு துணி தாங்குகிற அளவு வெந்நீர். ஒட்டும் பிசினும் மெழுகும் கொஞ்சம் நீலகிரித் தைலத்துக்கு இளகும். தைலம் தீப்பற்றக்கூடியது, அடுப்பருகே வேண்டாம். மஞ்சள், குழம்பு: முதலில் எண்ணெயை எடுத்து, அலசி, வெயிலில். டீ, காபி, பூச்சாறு: சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் ப்ளீச்சை வெந்நீரில் கரைத்து ஊறவையுங்கள். அது நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகப் பிரிந்து வெளுக்கும். குளோரின் ப்ளீச் அளவுக்குப் பருத்தியை நைந்துபோகச் செய்யாது.

கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில சன்ஸ்க்ரீன்களில் உள்ள அவோபென்சோன், போர் தண்ணீரில் இருக்கும் இரும்போடு சேர்ந்து துருநிறக் கறையாகும். துவைக்கத் துவைக்கத்தான் அது வெளியே தெரியும். குளோரின் ப்ளீச் ஊற்றினால் இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோதான் அதை எடுக்கும்.

இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். குளோரின் ப்ளீச்சோடு எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவும் ஆசிட் எதையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். மூடிய குளியலறையில் வேலை செய்யும் அக்காவுக்கு இதை வாயால் சொல்லி, பாட்டிலிலும் எழுதி ஒட்டுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானுக்கும் இதே விதி.

வெள்ளையிலிருந்து ஓய்வு பெறும் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அடர்நிறச் சாயத்தில் முக்கி நான்காக வெட்டி ஓரம் அடித்தால் அவையே மேக்கப் துணி, ஷூ துணி, அடுப்படித் துணி. இந்த ஏற்பாட்டுக்குப் புதிதாகச் செலவு அதிகம் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பாக இருந்தால், சலவைக் கூடையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முறை கூடையைக் கொட்டும்போதும் எந்த அறை, எந்தத் துணி, என்ன கறை என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் புரட்டினால், உங்கள் வீட்டில் அடிக்கடி வருவது இரண்டு மூன்று கறைகள்தான் என்று தெரியும். ஒரு வீட்டில் கண்மை, இன்னொரு வீட்டில் சேறு. பட்டியலில் முதலில் நிற்கும் கறைக்கு மட்டும் இந்த வாரம் ஒரு துணி வாங்கி, அது எங்கே நேருகிறதோ அங்கேயே ஒரு கொக்கி அடித்து மாட்டிவிடுங்கள். அடுத்த மாத நோட்டில் அந்த வரி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் விருந்தினரைக் குறை சொல்வதற்கு முன் கொக்கியை இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுவாருங்கள்.